பாம்பன் கால்வாயும் மைனஸ் ஓ மூன்றும்

பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். கடல் நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிக்கு 500 மீட்டர் கட்டம் போட்டால், வடகடலும் தென்கடலும் சேரும் அந்த இடத்துக்கு மொத்தம் நாலே கட்டம்தான் கிடைக்கும். அதிலும் கப்பல் போகிற ஆழம் ஒரு பக்கம் மட்டும்; மற்றதெல்லாம் பாறையும் மணலும். ஓதம் ஏறி வற்றும்போது ஒரு கட்டம் நனைந்திருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்பதை நிரலில் ஒற்றை 'இஃப்' வரிதான் முடிவு செய்கிறது. தண்ணீர் ஆழம் 0.10 மீட்டருக்கு மேலா, கீழா? பதினாறாவது இலக்கத்தில் வரும் ஒரு வித்தியாசம் அந்த வரியில் போய் மோதினால் கட்டம் திறக்க வேண்டிய நேரத்தில் மூடியிருக்கும். அடுத்த ஓதத்துக்குள் நீரோட்டப் படமே மாறிப்போகும்.

அந்தப் பதினாறாவது இலக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பல நேரம் கம்பைலர் ஃப்ளாக்கில், அதாவது மூலநிரலை இயந்திர மொழியாக்கும் கருவிக்குக் கொடுக்கும் விருப்பத்தில், போய் நிற்கும்.

இந்தக் கரையில் மாதிரி ஓட்டுபவர்கள் கையில் இருக்கும் இயந்திரங்களை எண்ணிப் பாருங்கள். மாணவரிடம் விண்டோஸ் லேப்டாப். வழிகாட்டியிடம் எம் வரிசை மேக். பெரிய கணக்கெல்லாம் வெளியூரில் ஏதோ ஒரு கிளஸ்டரில் (கணினிக் கூட்டம்). ஜெட்டியில் ஓத அளவியோடு கட்டிவைத்த ஒரு ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி. நாலிலும் ஒரே மூலநிரல்தான். புகாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும்: "அண்ணே, என் லேப்டாப்ல ஓடுது. சாரோட மேக்ல போட்டா மூணாம் நாள் நேன் வருது. நெட்சிடிஎஃப் தப்பா போட்டுட்டேனா?" (நேன் என்றால் 'எண்ணே அல்ல' என்ற விடை; நெட்சிடிஎஃப் என்பது தரவுக் கோப்பு வடிவமும் அதைப் படித்து எழுதும் லைப்ரரியும்.) எதற்கெடுத்தாலும் நெட்சிடிஎஃப் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பாவம், பெரும்பாலும் அதன் மேல் தப்பிருக்காது.

ஃப்ளாக்குகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. விடையை மாற்றுபவை ஒன்று. வேகத்தை மட்டும் மாற்றுபவை ஒன்று. பில்டு, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டும் வேலை, முடிய வேண்டும் என்பதற்காகப் போடுபவை ஒன்று. பழைய மேக்ஃபைல்களில் (பில்டுக் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்புகள்) இந்த மூன்றும் 'எஃப்ஃப்ளாக்ஸ்' என்ற ஒரே வரியில் கூட்டுக் குடும்பமாக இருக்கும். வேகத்துக்காக ஒன்றைத் தூக்கினால் விடையும் சேர்ந்து நகரும். புது இயந்திரத்தில் பில்டு ஆகவில்லை என்று ஒன்றைச் சேர்த்தால் வேகம் போகும். (ஃப்ளாக் பெயர்களை நாம் வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது கை தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும்.)

ஓடுவது எந்தக் கம்பைலர்?

அசட்டுக் கேள்வி போலத் தெரியும். மேக்கில் 'ஜிசிசி' என்று அடித்தால் வருவது ஜிசிசி அல்ல, ஆப்பிளின் கிளாங். அதில் இந்த மாதிரிகள் எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழி கிடையாது. ஓப்பன்எம்பி (ஒரே இயந்திரத்தில் பல திரெட்களில் ஓட்டும் முறை) ஃப்ளாக்கை நேரடியாகக் கொடுத்தால் ஏற்காது. ஹோம்ப்ரூவில் (மேக்கின் பொதி நிறுவி) ஜிசிசி போட்டால் 'ஜிசிசி-14' என்பது போல எண்ணோடுதான் பெயர் இருக்கும். அந்த ஹோம்ப்ரூவும் இன்டல் மேக்கில் 'யுஎஸ்ஆர்/லோக்கல்' அடியில் உட்காரும், எம் வரிசையில் 'ஆப்ட்/ஹோம்ப்ரூ' அடியில். மேக்ஃபைலில் பாதையை நேராக எழுதிவைத்தவருக்கு அங்கேயே முதல் தடங்கல்.

பைத்தான் பொதிகளை நிறுவும் கோண்டா இன்னொரு தொல்லை. கம்பைலர் பொதிகள் உள்ள சூழலைத் திறந்ததும் அது தன் பங்குக்கு 'சிஃப்ளாக்ஸ்', 'எஃப்ஃப்ளாக்ஸ்' மாறிகளை நிரப்பிவைக்கும். எக்ஸ்86 (இன்டல், ஏஎம்டி செயலி வகை) லினக்ஸில் அதில் '-மார்ச்=நோகோனா' இருக்கும்; 2004 காலத்துச் செயலியின் பெயர் அது. நீங்கள் ஒன்றும் எழுதாமலே உங்கள் நிரல் இருபது வருடப் பழைய கட்டளைத் தொகுதிக்குக் கட்டப்படும். அதோடு கோண்டாவின் 'என்சி-கான்ஃபிக்' பாதையில் முன்னால் வந்து நின்று, லினக்ஸ் கொடுத்த நெட்சிடிஎஃப்புக்குப் பதில் தன்னுடையதைக் காட்டும். கம்பைலர் ஒரு வீட்டுது, லைப்ரரி இன்னொரு வீட்டுது. மாதிரி கட்டும் டெர்மினலில் கோண்டாவை மூடிவிடுவதுதான் நல்லது. பைத்தானில் படம் போட வேறு டெர்மினல் வைத்துக்கொள்ளலாம்.

எம்பிஐ (பல கணுக்களில் சேர்ந்து ஓட்டும் முறை) கம்பைலர் உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓப்பன் எம்பிஐயில் 'எம்பிஐஎஃப்90 --ஷோமீ', எம்பிச்சில் '-ஷோ'. உள்ளே இருக்கும் கம்பைலரை மாற்ற முறையே 'ஓஎம்பிஐ_எஃப்சி', 'எம்பிச்_எஃப்சி' மாறிகள். ஆனால் எம்பிஐயின் மாட்யூல் கோப்பு வேறு கம்பைலரில் கட்டியது என்றால் இந்த மாறி ஒன்றுக்கும் உதவாது. ஃபோர்ட்ரானின் 'மாட்' கோப்பு கம்பைலருக்குக் கம்பைலர் வேறு. ஜிசிசியின் ஃபோர்ட்ரானான ஜிஃபோர்ட்ரானுக்குள்ளேயே சில பதிப்புகளுக்கு இடையில் வேறு. "வேறு பதிப்பு ஜிஎன்யு ஃபோர்ட்ரானில் உருவான மாட்யூல் கோப்பு" என்ற பிழை வந்தால் ஃப்ளாக் தேடி அலைய வேண்டாம். நெட்சிடிஎஃப்-ஃபோர்ட்ரானை அதே கம்பைலரில் மறுபடி கட்டுவதுதான் வழி. சி நூலகத்தைத் தொட வேண்டியதில்லை, 4.2 பதிப்பிலிருந்து இரண்டும் தனித்தனிப் பொதி.

மேக்ஃபைலைத் தானே உருவாக்கித் தரும் சிமேக்கில் இரண்டே எச்சரிக்கை. 'சிமேக்_பில்டு_டைப்' காலியாக விட்டால் மேக்ஃபைல் வழியில் எந்த '-ஓ' ஃப்ளாக்கும் (எவ்வளவு வேகப்படுத்துவது என்று சொல்வது) போகாது. மாதிரி திடீரென்று பல மடங்கு மெதுவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். விஷுவல் ஸ்டூடியோ வழியில் அந்த மாறியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது; பில்டு செய்யும்போது '--கான்ஃபிக் ரிலீஸ்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது: கம்பைலரையும் 'எஃப்ஃப்ளாக்ஸ்' மாறியையும் சிமேக் முதல் முறை மட்டுமே படிக்கும், பிறகு கேஷில் இருப்பதுதான் சட்டம். கம்பைலரை மாற்றினால் பில்டு கோப்புறையை அழியுங்கள், அல்லது 3.24 பதிப்பு முதல் '--ஃப்ரெஷ்' கொடுக்கலாம்.

விடையை மாற்றுபவை

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். லேப்டாப்பில் '-ஓ2', மேக்கில் '-ஓ2', இரண்டிலும் ஜிஃபோர்ட்ரானின் அதே பதிப்பு. விடை ஏன் வேறு?

பெருக்கிக் கூட்டும் ஒற்றைக் கட்டளை, எஃப்எம்ஏ. 'அ × ஆ + இ' என்பதில் பெருக்கலுக்குப் பின் ஒரு முறை, கூட்டலுக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு முறை முழுமையாக்குவதற்குப் பதில், கடைசியில் ஒரே முறை முழுமையாக்கும். துல்லியம் கூடும், கட்டளையும் குறையும். நல்ல பொருள்தான். சிக்கல் என்னவென்றால் எம் வரிசை மேக்கிலும் பை-யிலும் உள்ள ஆர்ம் 64-பிட் செயலிகளில் இது அடிப்படையிலேயே உண்டு. எக்ஸ்86-64-இன் அடிப்படைத் தொகுதியில் கிடையாது. ஜிசிசியோ, கட்டளை இருக்கிறதென்றால் கேட்காமலே இணைத்துவிடும். ஆக, ஒரே '-ஓ2' மேக்கிலும் பை-யிலும் எஃப்எம்ஏவோடு, லேப்டாப்பில் எஃப்எம்ஏ இல்லாமல். லேப்டாப்பில் '-மார்ச்=நேட்டிவ்' (கட்டும் இயந்திரத்தின் செயலிக்கேற்பக் கட்டு என்பது) போட்டால் அங்கேயும் எஃப்எம்ஏ வந்துவிடும். வேகத்துக்காகப் போட்ட ஃப்ளாக் விடையை மாற்றுவது இப்படித்தான்.

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 'ஸ்கொயர்ரூட்(எக்ஸ்*எக்ஸ் - ஒய்*ஒய்)' என்று ஒரு வரி. எக்ஸும் ஒய்யும் இரண்டுமே 0.1, டபுள் பிரிசிஷன் (எட்டு பைட் எண்). எஃப்எம்ஏ இல்லாவிட்டால் இரண்டு பெருக்கலும் ஒரே மாதிரி முழுமையாகி, கழித்தால் சரியாகப் பூஜ்யம். எஃப்எம்ஏ இருந்தால் ஒரு பெருக்கல் முழுமையாகிவிட்டது, மற்றது முழுமையாகாத நிலையிலேயே கழிபடுகிறது. மிஞ்சுவது முழுமையாக்கலின் பிழை: 8.3 பெருக்கல் பத்தின் மைனஸ் 19 அடுக்கு. எந்தப் பெருக்கலைக் கம்பைலர் இணைத்தது என்பதைப் பொறுத்து அது கூட்டலாகவோ கழித்தலாகவோ இருக்கும். கழித்தலானால் வர்க்கமூலம் நேன். மேக்கில் மூன்றாம் நாள் வந்த நேனுக்கு இது போன்ற ஒரு வரி போதும்.

நிறுத்த வேண்டுமென்றால் ஜிசிசியிலும் கிளாங்கிலும் '-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்', இன்டலில் '-நோ-எஃப்எம்ஏ', என்விடியாவில் '-எம்நோஎஃப்எம்ஏ'. கிளாங்கின் இயல்பு காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது: 14-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோவைக்குள் இணைக்க அனுமதி உண்டு. எனவே இயல்பை நம்பாமல் எழுதியே வைத்துவிடுங்கள். கடல் மாதிரிகளில் செயலி பெரும்பாலும் நினைவகத்துக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. எஃப்எம்ஏவை நிறுத்துவதால் போகும் வேகம் பொதுவாகச் சொற்பம். தளத்துக்குத் தளம் ஒப்பிடும் காலத்தில் நிறுத்திவைத்து, ஒப்பீடு முடிந்தபின் வேண்டுமானால் திறந்துகொள்ளலாம். அதோடு வர்க்கமூலத்துக்குள் 'மேக்ஸ்(0, ...)' போடுவது ஃப்ளாக்கைவிட நல்ல வைத்தியம்.

இன்டலின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஎஃப்எக்ஸ் தனி ஊர். மிதவைக் கணக்கில், அதாவது தசமப் புள்ளி எண்களின் கணக்கில், அதன் இயல்பே தளர்வானது. '-எஃப்பி-மாடல் பிரிசைஸ்' போட்டால்தான் ஜிசிசியின் வெறும் '-ஓ2'வோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது போடாமல் "இன்டல் கம்பைலர் வேகம்" என்று பேசுவது நெத்திலியையும் சீலாவையும் ஒரே தராசில் வைப்பது. பழைய ஐஎஃப்ஓஆர்டி 2025.0 தொகுப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அதன் பெயரை எழுதிய மேக்ஃபைல்களை இப்போதே மாற்றிவிடலாம்.

அடுத்தது '-எஃப்ஃபாஸ்ட்-மேத்'. '-ஓஃபாஸ்ட்' போட்டாலும் இது உள்ளே வந்துவிடும். பலர் "கூட்டலின் வரிசையைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதானே" என்று நினைக்கிறார்கள். வரிசையை மாற்றுவது அதன் சாதுவான பக்கம். நேன், முடிவிலி இரண்டும் உலகத்திலேயே இல்லை என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுப்பதுதான் அதன் விஷம். குருசடை, ஷிங்கிள் போன்ற தீவுகளின் நிலக் கட்டங்களை நேன் என்று குறித்துவைத்திருப்பீர்கள். 'ஈஸ்நேன்' கேட்டு அவற்றைத் தாண்டிப் போக ஒரு வரியும் எழுதியிருப்பீர்கள். நேன் என்பதே இல்லையாதலால் அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் 'இல்லை' என்று கம்பைலர் தீர்மானித்து வரியையே எடுத்துவிடும். 'எக்ஸ் எக்ஸுக்குச் சமமில்லை' என்ற பழைய தந்திரமும் சேர்ந்தே போகும். எச்சரிக்கை ஒன்றும் வராது. நிலத்துக்கு நேன் வைக்காமல் நெட்சிடிஎஃப்பின் நிரப்பு எண்ணை, அதாவது 9.969 பெருக்கல் பத்தின் 36 அடுக்கை, நேராக ஒப்பிட்டால் இந்தப் பொறியிலிருந்து தப்பலாம். நிலத்தை முழு எண் முகமூடி அணியாக (எது நிலம், எது கடல் என்று குறிக்கும் பட்டியல்) வைத்திருப்பது அதைவிட நல்லது.

இதே ஃப்ளாக் பக்கத்து வீட்டையும் பாதிக்கும். ஜிசிசி 13-க்கு முன், '-எஃப்ஃபாஸ்ட்-மேத்' போட்டு ஒரு பகிர்வு லைப்ரரியை லிங்க் செய்தால், எக்ஸ்86-இல் அதை ஏற்றிய நிரலிலேயே மிகச் சிறு எண்களைப் பூஜ்யமாக்கும் பயன்முறை இயங்கிவிடும். பைத்தானில் ஒருவர் உங்கள் லைப்ரரியை இம்போர்ட் செய்தவுடன் அவருடைய நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) கணக்கும் மாறும். வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் அந்தக் குடையிலிருந்து தேவையான கம்பியை மட்டும் உருவிக்கொள்ளுங்கள்: '-எஃப்நோ-மேத்-எர்ர்நோ', '-எஃப்நோ-ட்ராப்பிங்-மேத்' இரண்டும் பெரும்பாலும் தீங்கில்லாதவை. ஃபோர்ட்ரானில் முதலாவது ஏற்கெனவே இயல்பு.

நேன் விஷயத்தில் கம்பைலரே காரணமில்லாத வித்தியாசமும் ஒன்று உண்டு. தளம் மாற்றும்போது கடிக்கும். மிதக்கும் ஒரு துகளின் இடத்தைக் கட்ட எண்ணாக மாற்ற 'இன்ட்(எக்ஸ்/டிஎக்ஸ்)' எழுதுகிறோம். எக்ஸ் நேனாக இருந்தால்? எக்ஸ்86-இன் மாற்றுக் கட்டளை மைனஸ் 2147483648 தரும். அணியில் அந்த இடத்தைத் தேடினால் நிரல் பளாரென்று விழும். ஆர்மில் அதே மாற்றம் பூஜ்யம் தரும். சி-யில் பூஜ்யம் நல்ல இடம். முதல் கட்டத்தின் வேகத்தை எடுத்துக்கொண்டு துகள் நிம்மதியாகப் போகும். லேப்டாப்பில் விழுந்த நிரல் மேக்கில் "நல்லா ஓடுது" என்பதன் அர்த்தம் இதுவாகவும் இருக்கலாம். விழுந்த இயந்திரம்தான் உண்மை பேசியது.

இதைப் பிடிக்கத்தான் சோதனைப் பில்டு. '-ஓ0 -ஜி -எஃப்செக்=ஆல் -எஃப்பேக்ட்ரேஸ் -எஃப்இனிட்-ரியல்=எஸ்நேன் -எஃப்எஃப்பிஇ-ட்ராப்=இன்வேலிட்,ஜீரோ,ஓவர்ஃப்ளோ'. முதல் நேன் பிறக்கும் வரியிலேயே நிரல் நின்று வரி எண்ணைச் சொல்லும். ஆனால் இதை எக்ஸ்86-இல்தான் ஓட்ட வேண்டும். பை 4-இல் இருக்கும் கார்டெக்ஸ்-ஏ72 செயலியில் அந்த மிதவைப் பொறி, அதாவது தப்பான கணக்கு வந்ததும் நிரலை நிறுத்தும் வசதி, வன்பொருளிலேயே கிடையாது. ஃப்ளாக்கை ஏற்றுக்கொள்ளும், பில்டு ஆகும், ஒன்றும் பிடிக்காது. பை-யில் சோதித்துவிட்டு "சுத்தம்" என்று சொல்லக்கூடாது.

அடுத்து, துல்லியம். மண்டபத்தின் தீர்க்கரேகை 79 டிகிரியும் சில்லறையும். சிங்கிள் பிரிசிஷனில் (நாலு பைட் எண்) 64-க்கும் 128-க்கும் இடையே அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி 0.0000076 டிகிரி. இந்த அட்சத்தில் அது தரையில் சுமார் 84 சென்டிமீட்டர். 500 மீட்டர் கட்டத்துக்குப் பரவாயில்லை. கரையோர மணல்திட்டை ஐந்து மீட்டர் கட்டத்தில் வரைபவருக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நேரம் இன்னும் மோசம். 1970-இலிருந்து நொடி எண்ணிக்கையை சிங்கிளில் வைத்தால் கடிகாரம் 128 நொடிக்கு ஒரு முறைதான் நகரும். ஜூலியன் நாளை சிங்கிளில் வைத்தால் கேட்கவே வேண்டாம்: 24 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிய எண்ணுக்கு இடைவெளி கால் நாள், ஆறு மணி நேரம். நம் கடலில் முதன்மை ஓதத்தின் சுற்று 12.42 மணி. ஏற்றமும் வற்றமும் ஆக இரண்டே புள்ளியில் ஓதம் வரைவதாக ஆகும்.

இதைச் சரிசெய்யப் பலர் கைவைப்பது '-எஃப்டிஃபால்ட்-ரியல்-8'. ஜிஃபோர்ட்ரானில் இதற்கு ஒரு வால் உண்டு. 'ரியல்' எல்லாம் எட்டு பைட்டாகும்போது, 'டபுள் பிரிசிஷன்' என்று எழுதியவை பதினாறு பைட்டுக்கு ஏறிவிடும். பதினாறு பைட் கணக்கு மென்பொருளில் நடக்கிறது, மாதிரி நகராது. நெட்சிடிஎஃப்புக்கு அனுப்பும் மாறியின் வகையும் பொருந்தாமல் போகும். கூடவே '-எஃப்டிஃபால்ட்-டபுள்-8' போட்டால் டபுள் எட்டிலேயே நிற்கும். இன்டலின் '-ஆர்8'-க்கு இந்த வால் இல்லை. ஆக, ஒரு கம்பைலரின் ஃப்ளாக்கை இன்னொன்றுக்கு அகராதி பார்த்து மாற்றினால் போதாது. மூலநிரலில் 'கைண்ட்' (எண் எத்தனை பைட் என்பது) எழுதி, மாறிலிகளுக்கு விகுதி சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. 3.14159265358979 என்று பதினைந்து இலக்கம் எழுதினாலும், விகுதி இல்லையென்றால் ஃபோர்ட்ரான் அதை ஏழு இலக்கத்தோடு நறுக்கித்தான் எடுத்துக்கொள்ளும்.

சி பக்கம் பார்த்தால் 'லாங்' விண்டோஸில் நாலு பைட், லினக்ஸிலும் மேக்கிலும் எட்டு. 'லாங் டபுள்' எக்ஸ்86 லினக்ஸில் 80 பிட், ஆர்ம் லினக்ஸில் 128, ஆப்பிள் ஆர்மில் வெறும் 64. 'கேர்' ஆர்ம் லினக்ஸில் குறியில்லாதது. மைனஸ் ஒன்றை அதில் வைத்து முகமூடி செய்திருந்தால் பை-யில் அது 255 ஆகிவிடும். '-எஃப்சைன்ட்-கேர்' தற்காலிக மருந்து.

தரவுக் கோப்பிலும் ஒரு கண் வையுங்கள். ஃபோர்ட்ரானில் நேரடி அணுகல் கோப்பின் பதிவு நீளத்தை ஜிஃபோர்ட்ரான் பைட்டில் எண்ணுகிறது, இன்டல் இயல்பாக நாலு பைட் சொற்களில் எண்ணுகிறது. கோப்பு நாலு மடங்கு பெருத்திருந்தால் காரணம் அதுதான். '-அஸ்யூம் பைட்ரெக்எல்' போட்டால் அடங்கும்.

வேகம்

இதில் சொல்ல அதிகமில்லை. '-மார்ச்=நேட்டிவ்' கட்டிய இயந்திரத்துக்கு மட்டும். கிளஸ்டரின் லாகின் முனையத்தில் கட்டி, பழைய செயலி உள்ள கணு ஒன்றில் வேலை விழுந்தால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரே வரியோடு முடிந்துவிடும். வரிசையில் இரண்டு நாள் காத்திருந்த வேலை என்றால் வயிறு எரியும். ஜிசிசி 11 முதல் '-மார்ச்=எக்ஸ்86-64-வி3' என்று நிலையைச் சொல்லலாம்; ஏவிஎக்ஸ்2-வும் எஃப்எம்ஏவும் உள்ள எந்தச் செயலியிலும் ஓடும், இன்டலோ ஏஎம்டியோ. இன்டல் கம்பைலரின் '-எக்ஸ்' வகை ஃப்ளாக்குகள் தொடக்கத்திலேயே செயலியைச் சோதித்து, ஏஎம்டியில் ஓட மறுத்துவிடும்; அங்கே '-மார்ச்=கோர்-ஏவிஎக்ஸ்2' எழுதுங்கள். பை 4-க்கு '-எம்சிபியு=கார்டெக்ஸ்-ஏ72', பை 5-க்கு 'ஏ76'.

'-ஓ2'வா '-ஓ3'யா என்பது டீக்கடை விவாதம். ஒரு நாள் ஓட்டத்தை இரண்டிலும் ஓட்டி நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டுமே மிதவை விதிகளைத் தாமாகத் தளர்த்துவதில்லை என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

பில்டு முடிய வேண்டும்

ஜிஃபோர்ட்ரான் 10 வந்ததிலிருந்து, ஒரே சப்ரூட்டீனை ஓரிடத்தில் ரியலோடும் இன்னோரிடத்தில் முழு எண்ணோடும் அழைத்தால் அது எச்சரிக்கையல்ல, பிழை. பழைய எம்பிஐ அழைப்புகள் முழுக்க அப்படித்தான் இருக்கும். '-எஃப்அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்' அதை மறுபடி எச்சரிக்கையாக்கும். அதைத் திட்டம் முழுவதற்கும் போடாமல், எம்பிஐ அழைக்கும் அந்த இரண்டு மூன்று கோப்புக்கு மட்டும் போடுங்கள். மற்ற இடங்களில் அந்தப் பிழை நிஜமான தவறைக் காட்டும். 132 எழுத்தைத் தாண்டிய வரிகளுக்கு '-எஃப்ஃப்ரீ-லைன்-லென்த்-நன்'.

மேக்கில் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கடம். ஃபோர்ட்ரானில் சரங்களை ஒட்டும் இரட்டைச் சாய்கோடு சி முன்செயலிக்குக் குறிப்பு வரியின் தொடக்கம். வரியின் மீதியை விழுங்கிவிடும். முன்செயலிக்கு '-ட்ரெடிஷனல்' கொடுங்கள். இன்னொன்று, மேக்கின் கோப்பு முறை இயல்பாகப் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்ப்பதில்லை. பெரிய 'எஃப்90' கோப்பை முன்செயலாக்கிச் சிறிய 'எஃப்90' என்று எழுதும் மேக்ஃபைல், மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். கிட்டில் கமிட் செய்துவிட்டுத்தான் மேக்கில் 'மேக்' அடிக்க வேண்டும்.

விண்டோஸில் டபிள்யுஎஸ்எல் 2-க்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) கட்டுவதே நிம்மதி. ஆனால் 'சி' டிரைவுக்குள் கட்டாதீர்கள், லினக்ஸ் பக்கத்து ஹோமில் கட்டுங்கள். இல்லையென்றால் கோப்பு வேகம் வத்தை இழுக்கிற மாதிரி இருக்கும். விண்டோஸ் கிட் வரி முடிவுகளை மாற்றி வைத்திருந்தால் 'கான்ஃபிகர்' நிரல் முதல் வரியிலேயே "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று நிற்கும்.

ஓப்பன்எம்பி சேர்த்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் ஸ்டாக்கை (நிரலின் தற்காலிக நினைவிடம்) பாருங்கள். '-எஃப்ஓப்பன்எம்பி' போட்டால் ஜிஃபோர்ட்ரான் சப்ரூட்டீனின் உள் அணிகளையெல்லாம் ஸ்டாக்குக்கு மாற்றிவிடும். 400 × 300 × 30 கட்டத்துக்கு ஒரு டபுள் அணி 28.8 மெகாபைட்; லினக்ஸின் இயல்பு ஸ்டாக் 8 மெகாபைட். 'யூலிமிட் -எஸ் அன்லிமிடட்' என்பதும், திரெட்களுக்கு 'ஓஎம்பி_ஸ்டாக்சைஸ்=64எம்' என்பதும் வேண்டும். மேக்கில் யூலிமிட் ஏறக்குறைய 64 மெகாபைட்டில் சுவர். அதற்கு மேல் வேண்டுமானால் லிங்க்கரிடம் கேளுங்கள், அல்லது அணியை 'அலோகேட்டபிள்' ஆக்குங்கள். நிலையான அணிகள் மொத்தம் 2 ஜிபியைத் தாண்டினால் எக்ஸ்86 லினக்ஸில் "ரீலொகேஷன் ட்ரங்கேட்டட்" பிழை வரும்; '-எம்சிமாடல்=மீடியம்'. இங்கேயும் 'அலோகேட்டபிள்'தான் எல்லாத் தளத்துக்கும் பொதுவான பதில்.

பை-யில் 'மேக் -ஜே4' அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் "கில்ட்" என்று இருக்கும். கம்பைலருக்கு நோயில்லை, நினைவகம் போதவில்லை. '-ஜே1' போடுங்கள், அல்லது எம் வரிசை மேக்கில் ஆர்ம் லினக்ஸ் கன்டெய்னருக்குள் கட்டி நகலெடுங்கள். கன்டெய்னரின் லினக்ஸ் பை-யில் இருப்பதைவிடப் பழையதாக இருக்க வேண்டும், புதியதாக இருந்தால் "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை" என்று ஜெட்டியில் நின்றுகொண்டு படிக்க நேரிடும்.

மூன்று வரி

மேக்ஃபைலில் மூன்று மாறி: 'எஃப்பி_ஃப்ளாக்ஸ்', 'ஆர்ச்_ஃப்ளாக்ஸ்', 'காம்பேட்_ஃப்ளாக்ஸ்'. கட்டளை வரியில் 'எஃப்பி_ஃப்ளாக்ஸ்' கடைசியில் வர வேண்டும். கோண்டாவோ கிளஸ்டரோ முன்னால் எதைத் திணித்திருந்தாலும் பின்னால் வருவது வெல்லும். சிமேக்கில் விடையை மாற்றுபவை 'சிமேக்லிஸ்ட்ஸ்' கோப்புக்குள், கம்பைலர் அடையாளம் பார்த்து. வேகத்துக்கானவை பிரீசெட் கோப்பில், இயந்திரத்துக்கு ஒன்று. 'காம்பேட்' வகை அந்தந்த மூலக் கோப்புக்கு மட்டும். பிறகு கம்பைலர் பெயர், பதிப்பு, மூன்று வரிகளின் முழுச் சரம், கிட் எண் நான்கையும் வெளியீட்டு நெட்சிடிஎஃப்பின் குளோபல் அட்ரிப்யூட்டில் நிரலே எழுதட்டும். ஃபோர்ட்ரான் 2008-இல் 'கம்பைலர்_வெர்ஷன்', 'கம்பைலர்_ஆப்ஷன்ஸ்' என்று இதற்கே இரண்டு ஃபங்ஷன் உண்டு. ஆறு மாதம் கழித்து 'என்சிடம்ப் -எச்' ஒன்றே பதில் சொல்லும்.

புது இயந்திரத்தில் கட்டியதும் ஒரு மாத ஓட்டத்தை ஒப்பிட வேண்டாம். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய ஒரு நாளை எடுங்கள். ஓதம் பெரிதாக இருப்பதால் நனைந்து காயும் கட்டங்கள் அதிகம். முதல் அடி, பத்தாவது அடி, நூறாவது அடி மூன்றிலும் கடல்மட்டத்தை எழுதி இரண்டு இயந்திரத்தையும் கழியுங்கள். வித்தியாசத்தின் அளவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். முதல் அடியில் பத்தின் மைனஸ் 16-ஐ ஒட்டி இருந்தால் முழுமையாக்கலும் எஃப்எம்ஏவும். மைனஸ் 7-ஐ ஒட்டி இருந்தால் எங்கோ ஒரு சிங்கிள் பிரிசிஷன் நுழைந்திருக்கிறது. விகுதியில்லாத மாறிலியைத் தேடுங்கள். மற்ற இடமெல்லாம் சரியாக இருந்து ஓரிரண்டு கட்டம் மட்டும் தாறுமாறாக இருந்தால் முகமூடி அல்லது நேன்.

நூறாவது அடியில் வளர்ந்திருக்கும் வித்தியாசம் நியாயமானதா என்று அறிய, ஒரே இயந்திரத்தில் தொடக்கக் கடல்மட்டத்தை ஒரே ஒரு கட்டத்தில் பத்தின் மைனஸ் 15 அளவு மட்டும் அசைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த இரண்டு ஓட்டத்துக்கும் இடையில் விரியும் வித்தியாசமும், இரண்டு இயந்திரங்களுக்கு இடையில் விரியும் வித்தியாசமும் ஒரே அளவில் இருந்தால் மாதிரியின் இயல்பே அதுதான். இயந்திரங்களுக்கு இடையிலானது நூறு மடங்கு பெரிதென்றால் 'எஃப்பி_ஃப்ளாக்ஸ்' வரியைத் திறந்து, ஒவ்வொரு ஃப்ளாக்காக எடுத்து, பாம்பனின் அந்த நாலு கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.